பத்து வீட்டுப் பீப்பாய்

இந்தக் கட்டுரையின் கதாநாயகன் ஒரு மரப் பீப்பாய். தொந்தி பெருத்த உருவம். உடம்பெல்லாம் ஓக் மரப் பலகை. மேலும் கீழும் இரும்பு வளையங்கள். பலகைகளைச் சேர்க்க ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதாலேயே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் காக்கின்றன. பிறந்த ஊர் அமெரிக்காவில் கென்டக்கி. முதல் உத்தியோகம், பூர்பன் என்னும் விஸ்கியைச் சில ஆண்டுகள் வயிற்றில் சுமப்பது.

அந்த உத்தியோகம் ஒரே ஒரு தடவைதான். புதிதாகச் செய்து உட்புறம் நெருப்பில் கருக்கிய ஓக் கலத்தில் வைத்தால்தான் பூர்பன் என்று சொல்லலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆகையால் விஸ்கியை இறக்கியதும் பீப்பாய்க்குக் கட்டாய ஓய்வு. சில பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போய் மறு உத்தியோகம் பார்க்கின்றன. இன்னும் சில, யாரோ ஒருவர் வீட்டு மோட்டார் கொட்டகைக்கு வந்து சேருகின்றன. அந்தக் கொட்டகைக்குத்தான் உங்களை அழைத்துப் போகப் போகிறேன். மதுவை நான் தொடுவதில்லை. உங்களையும் தொடச் சொல்லவில்லை. ஆனால் மனிதர்கள் கூடி ஒரு காரியம் செய்யும் இடத்தை எட்டிப் பார்ப்பதில் தோஷம் ஒன்றுமில்லையே!

கொட்டகையில் பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். எல்லாரும் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள். ஒவ்வொருவரும் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையைச் சுமந்து வந்திருக்கிறார். உள்ளே இருப்பது ஸ்டவுட். பில்டர் காப்பி டிகாக்ஷன் மாதிரிக் கறுத்த, கனத்த பீர். அடுப்படியில் ஒரு தடவை காய்ச்சினால் கிடைப்பது ஐந்து காலன், அதாவது 19 லிட்டர். பீப்பாயோ 53 காலன், சுமார் 200 லிட்டர் கொள்ளும். அரைப் பீப்பாய் நிரப்பினால் போதாது. மிச்ச இடத்தில் காற்று புகுந்து உட்கார்ந்துகொள்ளும். காற்று புகுந்தால் பீர் காடியாகிவிடும். எனவே விளிம்பு வரை நிரம்பியாக வேண்டும். ஒரு வீட்டால் ஆகாத காரியம். ஊர் கூடித்தான் இந்தத் தேரை இழுக்க வேண்டும்.

இதில் சரித்திரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இந்தப் பத்துப் பேர் கொட்டகைக்கு வந்து சேர்வதற்கு அறுநூறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

பழைய இங்கிலாந்தில் பீர் காய்ச்சுவது பெண்களின் வேலை. ரொட்டி சுடுவதைப் போல அதுவும் வீட்டு வேலைகளில் ஒன்று. வீட்டுக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு விற்பார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் லின் என்ற துறைமுகப் பட்டினத்தில் மார்ஜெரி கெம்ப் என்று ஒரு பெண்மணி இருந்தாள். மேயர் ஒருவரின் மகள். மூன்று நான்கு ஆண்டுகள் அவள் அந்த ஊரில் பெரிய அளவில் பீர் காய்ச்சி விற்றாள். திடீரென்று ஒரு நாள் நுரை எழும்பவில்லை. பொங்கி நின்ற நுரை பொசுக்கென்று அமுங்கிப் போயிற்று. மறுபடி காய்ச்சினாள், மறுபடியும் அதே கதி. முதல் போயிற்று, வேலையாட்களும் வெட்கி விலகினார்கள். தன் அகங்காரத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று அவள் நம்பினாள். பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி எழுதவைத்தபோது இதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். ஆங்கிலத்தின் முதல் சுயசரிதை என்று பலரும் கருதும் அந்த நூலின் ஏடு 1934ல்தான் மீண்டும் அடையாளம் காணப்பட்டது.

நுரையை எழுப்புவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் என்பது பாவம், அவளுக்குத் தெரியாது. இரண்டாவது பானையும் கெட்டபோது பக்கத்தில் நின்று ருசி பார்த்துச் சொல்லவும் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ருசி பார்க்கும் வேலை அந்நாளில் ஊர் அதிகாரியுடையது. விற்பனைக்கு வரும் பீர் நல்லதா, விலை நியாயமா என்று பார்க்க ஒவ்வோர் ஊரிலும் ஆள் நியமித்தார்கள். 1556ல் ஸ்ட்ராட்போர்டு நகரத்தில் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜான் ஷேக்ஸ்பியர் என்ற கையுறை வியாபாரி. அவருக்கு எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளையை உலகம் அறியும்.

நாளடைவில் பானை அடுப்படியை விட்டு வெளியேறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் போர்ட்டர் என்னும் கரும்பழுப்புப் பீர் பெயர் பெற்றது. மூட்டை சுமக்கும் போர்ட்டர்கள் விரும்பிக் குடித்ததால் வந்த பெயர் அது. அதிலேயே திடமான ரகத்துக்கு ஸ்டவுட் போர்ட்டர் என்று பெயர். பிறகு வால் அறுந்து வெறும் ஸ்டவுட் ஆயிற்று. இந்தப் பீர் மரத்தில் பல மாதம் கிடந்தால்தான் பதம் வரும். கிடக்கவைக்க இடம் வேண்டும், காத்திருக்கப் பணம் வேண்டும். இரண்டும் யாரிடம் உண்டு? முதலாளிகளிடம். காய்ச்சும் தொழில் பெண்கள் கையிலிருந்து முதலாளிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பணத்துக்கு ஓர் உதாரணம். அகராதி எழுதிய டாக்டர் ஜான்சனின் நண்பர் ஹென்றி த்ரேல், லண்டனில் ஒரு பெரிய பீர்ச் சாலைக்குச் சொந்தக்காரர். அவர் 1781ல் காலமானதும் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு ஜான்சனுக்கும் வந்தது. சட்டைப் பொத்தானில் மைக்கூட்டையும் பேனாவையும் மாட்டிக்கொண்டு அந்த அகராதி ஆசிரியர் பரபரவென்று அலைந்தாராம். சாலை போன விலை 1,35,000 பவுன்.

முதலாளிகளுக்குள் போட்டி வந்தது. யாருடைய தொட்டி பெரியது? ஓக் தொட்டிகள் இரண்டாள் உயரம், மூன்றாள் உயரம் என்று வளர்ந்தன. புதுத் தொட்டிக்குள்ளேயே மேஜை போட்டு விருந்து வைத்துப் பெருமை கொண்டாடினார்கள். எல்லாம் நமது பீப்பாயின் உறவினர்கள்தாம். அதே மரம், அதே இரும்பு வளையம். ஆனால் சொந்தக்காரர் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்கள்.

1814 அக்டோபர் 17, திங்கட்கிழமை. லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு முனையில் மியூக்ஸ் கம்பெனியின் பீர்ச் சாலை. பிற்பகல் நாலரை மணிக்கு ஜார்ஜ் கிரிக் என்ற கிடங்கு குமாஸ்தா, 22 அடி உயரத் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு வளையம் நழுவிக் கிடப்பதைப் பார்த்தார். வளையம் மட்டும் 700 ராத்தல் கனம். உள்ளே பத்து மாதம் ஊறிய போர்ட்டர் 3,555 பீப்பாய், அதாவது ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல். கிரிக் அலறிக்கொண்டு ஓடவில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வளையம் நழுவுவது வழக்கம். மேலதிகாரியிடம் சொன்னார், ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது. பங்குதாரர் ஒருவருக்குச் சீட்டு எழுதினார். எழுதிய சீட்டுடன் அவர் நின்றுகொண்டிருந்தபோதே, ஐந்தரை மணிக்குத் தொட்டி வெடித்தது.

செங்கல் சுவர் இடிந்து விழுந்தது. பீர் வெள்ளம் செயின்ட் ஜைல்ஸ் என்ற ஏழைகள் குடியிருப்பில் பாய்ந்தது. ஒரு நிலவறையில், இரண்டு வயதில் இறந்துபோன ஒரு குழந்தையின் உடலைச் சுற்றி ஐரிஷ்காரர்கள் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மட்டும் ஐந்து பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி அந்தக் குழந்தையின் தாய். பக்கத்து மதுக்கடையில் வேலை செய்த எலினார் கூப்பர் என்ற பதினான்கு வயதுப் பெண், குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சுவர் அவள்மேல் விழுந்தது. மொத்தம் எட்டு உயிர்கள். எல்லாம் பெண்களும் குழந்தைகளும். ஜனங்கள் சட்டி கொண்டுவந்து பீரை மொண்டு குடித்துக் கூத்தாடினார்கள் என்று பிற்காலத்தார் கதை கட்டினார்கள். அந்நாளைய பத்திரிகைகளில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. ஏழை செத்தால்கூட அவன்மேல் ஒரு பழி வேண்டும் போலிருக்கிறது!

விசாரணை நடந்தது. தற்செயலான விபத்து, யார்மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. கொட்டிப்போன பீருக்குக் கட்டிய வரியில் சுமார் 7,250 பவுன் கம்பெனிக்குத் திரும்பிக் கிடைத்தது. செத்தவர்களின் குடும்பங்களுக்குக் கம்பெனி ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் 1929ல் ஒரு நாடகக் கொட்டகை எழும்பிற்று.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1817ல், டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளை போன்ற ஒன்றில் முளைகட்டிய பார்லியைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்டவுட்டுக்கு இன்றுள்ள கறுப்பு நிறம் அதிலிருந்து வந்தது. பிறகு ஜனங்களின் ருசி மாறிப் புதுப் பீருக்குப் போனது. ராட்சதத் தொட்டிகள் மெள்ள மறைந்தன. மரத்தில் கிடந்த பீருக்கு அந்த விசேஷ மணம் எப்படி வந்தது என்ற ரகசியம் 1904ல்தான் வெளிப்பட்டது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாஸன் என்ற விஞ்ஞானி ஒரு புது ஈஸ்டைக் கண்டுபிடித்து, 'பிரிட்டன் பூஞ்சை' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். மரத்தின் துளைகளில் ஒளிந்து வாழும் ஜீவன் அது. அளவோடு இருந்தால் மணம்; மிஞ்சினால் நாசம்.

வீட்டில் காய்ச்சுகிறவர்கள் என்ன ஆனார்கள்? 1880ல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், அவர்களும் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றது. அந்த லைசென்ஸை ரத்துச் செய்ய 1963 வரை ஆயிற்று. அமெரிக்காவில் 1920ல் மதுவிலக்கு வந்தது, 1933ல் போயிற்று. பிறகு வீட்டில் ஒயின் செய்ய இடம் கொடுத்த சட்டம், பீர் காய்ச்ச இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் 1974ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இவர்கள் ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். கொலராடோ மாநிலத்தில் சார்லி பபாசியன் என்ற பள்ளி ஆசிரியர், அணுப் பொறியியல் படித்தவர், வகுப்பு வைத்தே இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்தார். 1978 அக்டோபர் 14ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டு விலங்கை அகற்றினார். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன். விற்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசியாக மிஸிஸிப்பி, அலபாமா இரண்டு மாநிலங்களும் 2013ல் இறங்கிவந்தன. இதற்கிடையே 1990களில் சிகாகோ நகரத்துப் பீர்ச் சாலை ஒன்று பூர்பன் பீப்பாயில் ஸ்டவுட்டை ஊறவைத்துப் புகழ் பெற்றது. வீட்டுக்காரர்களுக்கும் ஆசை பிறந்தது.

இப்போது கொட்டகைக்குத் திரும்புவோம். பத்துப் பேரும் ஒரே பக்குவக் குறிப்பைப் பார்த்துத்தான் காய்ச்சியிருக்கிறார்கள். ஆனாலும் பத்துக் குடுவையும் பத்து விதம். நம் வீடுகளில் சாம்பார் மாதிரி. பீப்பாயில் ஊற்றுமுன் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் சிறிது எடுத்து எல்லாரும் ருசி பார்க்கிறார்கள். இதுதான் கஷ்டமான நேரம். ஒரு குடுவையில் கெட்ட கிருமி இருந்தால் போதும், 200 லிட்டரும் பாழ். பல வாரம் உழைத்து, கார் ஓட்டிக்கொண்டு வந்த சிநேகிதரிடம், "இது வேண்டாம் அப்பா, புளித்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒன்பது பேருக்குத் துரோகம். சொன்னால் ஒருவர் முகம் வாடும். ஜான் ஷேக்ஸ்பியருக்கு அரசாங்கம் பதவி கொடுத்தது. இவர்களுக்கு நட்பைத் தவிர வேறு அதிகாரம் கிடையாது.

நிரம்பிய பீப்பாய் கால் டன் கனம். இனி அதை நகர்த்த முடியாது. யார் வீட்டில் இருக்கிறதோ அவர் ஆறு மாதம், ஒரு வருஷம் அதற்குக் காவல். மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவி போகும். குறைந்ததை மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். வளையம் நழுவியிருக்கிறதா, பலகை கசிகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். முகப்புப் பலகையில் ஒரு சின்னத் துளை போட்டு, துருப்பிடிக்காத ஆணியால் அடைத்திருப்பார்கள். ஆணியைப் பிடுங்கினால் நூல்போலக் கறுப்புத் தாரை வரும். கண்ணாடித் தம்ளரில் ஒரு வாய் பிடித்து, மறுபடி ஆணியை அடித்துவிட்டுச் சிநேகிதர்களுக்குச் செய்தி சொல்லுவார்: "இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்."

லண்டன் குமாஸ்தாவின் கையிலிருந்த சீட்டை நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் பொல்லாதவர் அல்ல. வளையம் நழுவியதைக் கண்டார், சொல்ல வேண்டியவரிடம் சொன்னார். ஆனால் தொட்டி அவருடையதல்ல. தொட்டிக்கு உடையவர் அருகில் இல்லை. தொட்டியால் சாகப்போகிறவர்களுக்கோ அதில் பங்குமில்லை, பேச்சுமில்லை. அங்கே பெருத்துப் போனது தொட்டி மட்டுமல்ல; மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள தூரமும்தான். மார்ஜெரி கெம்ப்பின் பானையோ அவள் ஒருத்தியின் பானை. கெட்டபோது அவள் ஒருத்தியே அழுதாள். இந்தப் பீப்பாய் இரண்டுக்கும் நடுத்தரம். ஒருவரால் நிரப்ப முடியாத அளவுக்குப் பெரியது. நிரப்பிய பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் அளவுக்குச் சிறியது. வளையம் நழுவினால் யாருக்குச் சொல்லியனுப்புவது என்ற கேள்வியே இங்கே இல்லை.

ஒரு நாள் பீப்பாயை இறக்குவார்கள். ஆளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது லிட்டர். ஊற்றியபோது அது தனித்தனி ஆளின் பீர். எடுத்துப் போகும்போது இது என்னுடையது என்று யாராலும் சொல்ல முடியாது; பிரித்தறிய வழியில்லை. விற்கவும் சட்டம் இடம் கொடுக்காது. காலிப் பீப்பாய் காய்ந்தால் பலகை சுருங்கி ஒழுகும். ஆகையால் கொட்டகைக்காரர் அதே சாயங்காலம் எல்லாரையும் நிறுத்திவைத்து, அடுத்த தடவைக்கு யார் யார் என்று கேட்கிறார். சென்ற தடவை குடுவை வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டவர் முதலில் கை தூக்குகிறார்.