மின்னழுத்தச் சோதிப்பான்

மின்னழுத்தச் சோதிப்பான் என்பது ஒரு கம்பியிலோ மின்கருவியின் முனையிலோ மின்னழுத்தம் உள்ளதா என்பதை அறியப் பயன்படும் சிறு கருவி ஆகும். தமிழ்நாட்டில் இது பொதுவாக டெஸ்டர் என அழைக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் இச்சொல் பெரும்பாலும் நியான் விளக்கு பொருத்திய திருப்புளியையே குறிக்கும். இருமுனைச் சோதிப்பான், தொடாமல் உணரும் சோதிப்பான் என்பன பிற வகைகள். பல்மானியும் (மல்டிமீட்டர்) இப்பணிக்குப் பயன்படுகிறது.

தஞ்சாவூர் மாவட்டத்தின் பாபநாசம் போன்ற காவிரிப் படுகைப் பகுதிகளில், ஆற்று நீர் வந்து சேரும் முன்பே குறுவை நாற்று விடுவதற்கு நிலத்தடி நீரும் மின்மோட்டாரும் தேவைப்படுகின்றன. வயல் நடுவே, ஈரத் தரையில் அமைந்த மோட்டார் கொட்டகையில் பெரும்பாலும் கைக்கு எட்டும் ஒரே சோதனைக் கருவி நியான் டெஸ்டர்தான். அது சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறிவது உயிர் காக்கும் செய்தியாகும்.

நியான் டெஸ்டர் செயற்படும் விதம்

இதில் பயன்படும் சிறிய நியான் ஒளிர் விளக்கை அமெரிக்கப் பொறியாளர் டேனியல் மக்ஃபார்லன் மூர் 1917ஆம் ஆண்டில் உருவாக்கினார். டெஸ்டரின் முனை, ஏறத்தாழ பத்து இலட்சம் ஓம் அளவுள்ள மின்தடையம், நியான் விளக்கு, பிடியின் மேலுள்ள உலோகத் தொப்பி ஆகியவை தொடராக இணைந்துள்ளன. தொப்பியை விரலால் தொடும்போது மின்னோட்டம் உடல் வழியாக நிலத்தை அடைகிறது. 230 வோல்ட்டில் இது அரை மில்லியாம்பியருக்கும் குறைவு என்பதால் பொதுவாக உணரப்படுவதில்லை. எனினும், சோதிப்பவரின் உடலே மின்சுற்றின் ஒரு பகுதி என்பதை மறக்கலாகாது. அவரைக் காப்பது அந்த ஒரே மின்தடையம். டெஸ்டருக்குள் நீர் புகுந்தால் மின்னோட்டம் மின்தடையத்தைச் சுற்றிச் செல்லக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த டெஸ்டரைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது போதாது. அதனை ஒதுக்கிவிட வேண்டும்.

விளக்கு எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று பொருளன்று. நியான் பழுதடைந்திருக்கலாம். சோதிப்பவர் காய்ந்த பலகை மீதோ நெகிழி முக்காலி மீதோ நின்றால் ஒளி மிகவும் மங்கும். நண்பகல் வெயிலில் மங்கிய ஒளி கண்ணுக்கே தெரியாது.

பம்பு செட்டில் டெஸ்டர் ஏமாற்றும் இடங்கள்

விவசாய மோட்டார்கள் பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தில் இயங்குகின்றன. இதில் இரு பேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட்டும், ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டும் இருக்கும். நியான் விளக்கோ 60 முதல் 90 வோல்ட்டு அளவிலேயே ஒளிரத் தொடங்கிவிடும். ஆகவே மூன்று முனைகளிலும் விளக்கு எரிகிறது என்பதால் மும்முனை மின்சாரம் சரியாக வருகிறது என முடிவு செய்ய இயலாது.

உயரழுத்தப் பக்கத்தில் ஒரு கம்பி அறுந்தால், ஊர்களில் வழக்கமாக உள்ள முக்கோண-விண்மீன் இணைப்பு மின்மாற்றியில் ஒரு பேஸ் மட்டும் முழு அழுத்தத்தில் நிற்கும். மற்ற இரண்டும் ஏறத்தாழ பாதியாக, 115 வோல்ட்டு அளவுக்கு இறங்கும். டெஸ்டர் மூன்றிலும் எரியும். அதேபோல் ஒரு பியூஸ் போன நிலையில் மோட்டார் இணைப்பில் இருந்தால், மற்ற பேஸ்களின் அழுத்தம் மோட்டார்ச் சுருள் வழியாகத் திரும்பி வந்து, போன பியூஸின் மறுபுறத்திலும் விளக்கை எரிய வைக்கும். இதை நம்பி ஸ்டார்ட்டரை இயக்கினால் மோட்டார் உறுமி நின்று, காப்பு அமைப்பு துண்டிக்காவிடில் காயில் கருகிவிடும்.

வீட்டிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. நியூட்ரல் அறுந்துவிட்டால், இயக்க நிலையிலுள்ள ஒரு மின்விளக்கின் வழியாக பேஸ் அழுத்தம் நியூட்ரல் கம்பிக்கும் வந்துவிடும். பிளக்கின் இரு துளைகளிலும் டெஸ்டர் எரியும். ஆனால் எந்தக் கருவியும் இயங்காது.

தெரிவு செய்தல்

மும்முனை இணைப்பில் வேலை செய்வோருக்கு உகந்தது இருமுனைச் சோதிப்பான் ஆகும். இது உடலைச் சுற்றில் சேர்க்காமல், இரு முனைகளுக்கு இடையேயுள்ள அழுத்தத்தை நேரடியாகக் காட்டும். இதற்கான பன்னாட்டுத் தரம் ஐஇசி 61243-3. கருவியின் மேல் ‘கேட்’ எனத் தொடங்கும் குறியீட்டையும் பார்க்க வேண்டும். மோட்டார் கொட்டகையின் நிலையான இணைப்புகளுக்குக் குறைந்தது மூன்றாம் வகையும் 600 வோல்ட்டும், மீட்டருக்கு வரும் கம்பிகளுக்கு நான்காம் வகையும் தேவை. பல்மானி துல்லியமானது, ஆயினும் அதன் கம்பியை ஆம்பியர் துளையில் செருகியபடி அழுத்தத்தை அளந்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி வெடிக்கும்.

பேனா வடிவிலான தொடாமல் உணரும் சோதிப்பான் உயிருள்ள கம்பியைத் தேட வசதியானது. ஆனால் உலோகக் கவசமுள்ள கேபிளில் அது ஏதும் காட்டாது. நேர்மின்னோட்டத்தையும் அது உணராது. 2019இல் தொடங்கப்பட்ட பிஎம் குசும் திட்டத்தின் கீழ் சூரிய ஒளி பம்பு செட்டுகள் வயல்களுக்கு வந்துள்ள நிலையில் இது முக்கியமானது. பகலில் சூரியத் தகடுகளிலிருந்து வரும் கம்பியில் நூற்றுக்கணக்கான வோல்ட்டு நேர்மின்னழுத்தம் இருக்கலாம். பேனாச் சோதிப்பான் மௌனமாக இருக்கும்.

நியான் டெஸ்டரையே வாங்குவதானால், நுனி தவிரத் தண்டு முழுவதும் காப்புறை உள்ளதைத் தெரிவு செய்க. உறையில்லாத் தண்டு பியூஸ் பெட்டிக்குள் இரு முனைகளை இணைத்துவிடக்கூடும். அதைக் கொண்டு துருப்பிடித்த திருகாணிகளை நெம்புவதும் தட்டுவதும் நம் ஊர்ப் பழக்கம். உள்ளிருக்கும் மின்தடையம் அதற்கென ஆக்கப்பட்டதன்று.

மின்சாரம் இல்லை என உறுதி செய்தல்

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, வேலை செய்பவர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மின்வெட்டு நேரத்தில் வேலை செய்வது இதற்கு ஈடாகாது. மின்சாரம் எந்நேரமும் திரும்பலாம். அடுத்து, மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் சோதிப்பானை வைத்து அது வேலை செய்வதைக் காண வேண்டும். பின்னர் மூன்று பேஸ்களையும் ஒன்றுக்கொன்று இடையேயும், ஒவ்வொன்றையும் நியூட்ரலுடனும் நிலத்தொடுப்புடனும் சோதிக்க வேண்டும். இறுதியாக மீண்டும் மின்சாரமுள்ள இடத்தில் சோதிப்பானைச் சரிபார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். இடையில் கருவி பழுதடைந்திருந்தால் அதை இது மட்டுமே காட்டும். மோட்டாருடன் கண்டென்சர் இருப்பின், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

உயரழுத்தக் கம்பிகள்

மேற்கூறிய கருவிகள் யாவும் தாழ்வழுத்தத்திற்கு உரியவை. 11,000 வோல்ட்டு போன்ற உயரழுத்தக் கம்பியை அணுகுவதே ஆபத்து. தொட வேண்டியதுகூட இல்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. அவ்வாறு வயலில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் உள்ளதா என எந்த டெஸ்டராலும் சோதிக்கக் கூடாது. எவரையும் அருகே விடாமல், மின்வாரியத்துக்குத் தெரிவித்து, அவர்கள் இணைப்பைத் துண்டித்ததாக உறுதி கூறும் வரை விலகி நிற்க வேண்டும்.