மாதிரியும் அளவும்: மைசூர் நாட்டுப் பொறியியல் கல்வியின் ஒரு பழங்கதை

மைசூரின் பொறியியல் கல்லூரியொன்றில் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கற்கும் மாணவர் இன்று முதலில் கையாள்வது மோட்டாரையோ கம்பியையோ அன்று. கணினித் திரையில் தெரியும் ஒரு முக்கோணத்தை. சிமுலிங்க் மென்பொருளில், உள்ளே வரும் அளவை ஒரு மாறிலியால் பெருக்கி வெளியே அனுப்பும் கட்டம் அது. கூட்டலுக்கு வட்டம், பிறவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் செவ்வகம் என்றிருக்க, பெருக்கலுக்கு மட்டும் முக்கோணம் வந்தது ஏன்? மின்சுற்றுப் படங்களில் ஆம்ப்ளிஃபையரை முக்கோணமாக வரையும் வழக்கத்தின் எச்சம் அது. பொருள் தேய்ந்த பின்னும் வடிவில் தங்கிவிடும் பழைய விகுதிகளைப் போல, கருவி மறைந்த பின்னும் அதன் குறி திரையில் நிலைத்துவிட்டது.

ஓர் அமைப்பின் கணித மாதிரியை முதலில் வரைந்து, அதை இயக்கிப் பார்த்துத் திருத்தி, முடிவில் அந்த மாதிரியிலிருந்தே கட்டுப்பாட்டுக் கருவிக்குரிய நிரலைத் தானாகவே பெறுவது மாதிரிசார் வடிவமைப்பு எனப்படுகிறது. கார் எஞ்சின் முதல் விமானம் வரை இன்று இம்முறையே பெருவழக்கு. பாடத்திட்டங்களில் இது புதுவரவு. ஆனால் ‘கட்டுவதற்கு முன் மாதிரியைக் கேள்’ என்னும் பயிற்சி மைசூர் நாட்டுக்குப் புதிதன்று. அது தண்ணீரில் தொடங்கியது.

காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் அணையின் கட்டுமானம் 1911-இல் தொடங்கியது. அந்த அணை என்றதும் தமிழ் வாசகருக்கு 124.80 அடி என்னும் நீர்மட்டக் கணக்கும் நீதிமன்ற வழக்கும்தான் நினைவுக்கு வரும். அணையை ஒட்டி இயங்கும் கர்நாடகப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கலிங்குகளையும் மதகுகளையும் சிற்றுருவில் கட்டி, நீரை ஓடவிட்டு அளந்து பார்க்கும் இடம் அது. தமிழ்நாட்டில் பூண்டியிலுள்ள நிலையம் செய்வதும் இதே வேலை. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து ஆராய்ந்த வில்லியம் ஃபுரூடு என்னும் ஆங்கிலப் பொறியாளரின் பெயரால் வழங்கும் விதி இதற்கு அடிப்படை. மாதிரி 25-இல் ஒரு பங்கு நீளமுடையதானால் நீரின் வேகம் 5-இல் ஒரு பங்காகும். ஓட்டத்தின் அளவு 3,125-இல் ஒரு பங்காகும். வினாடிக்கு 3,125 கன அடி பாயும் வெள்ளத்தை 1 கன அடி நீரைக் கொண்டு கண்முன் காணலாம்.

இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும் என்பதை மைசூர்ப் பொறியாளர் ஒருவரின் படைப்பைக் கொண்டே விளக்கலாம். நீர்ப்பாசனப் பாடநூல்களில் கணேச ஐயரின் வால்யூட் சைஃபன் இன்றும் இடம்பெறுகிறது. நீர்த்தேக்கத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் குழாய். அதன் தலையில் புனல் போன்ற வாய். வாயின் உட்புறம் சுருள் தகடுகள். அதற்கு மேல் கவிழ்த்த குவிமாடம். நீர்மட்டம் விளிம்பைத் தாண்டியதும் நீர் சுருள்களின் வழியே சுழன்று இறங்குகிறது. சுழல் காற்றை இழுத்துச் செல்வதால் குவிமாடத்துள் அழுத்தம் குறைகிறது. குழாய் நிறைந்து சைஃபன் முழுவேகத்தில் இயங்கத் தொடங்குகிறது. மட்டம் தாழ்ந்ததும் காற்றுக்குழாய் வழியே காற்று புகுந்து ஓட்டம் தானே நின்றுவிடுகிறது. வெள்ள இரவில் மதகைத் திறக்க ஆளனுப்ப வேண்டியதில்லை. ஷிம்ஷா ஆற்றின் மார்கோனஹள்ளி அணையில் இத்தகைய சைஃபன்கள் உள்ளன. ஷராவதி ஆற்றின் ஹிரேபாஸ்கர அணையிலும் இவை இருந்தன. பின்னாளில் எழுந்த லிங்கனமக்கி நீர்த்தேக்கம் அவ்வணையை மூழ்கடித்துவிட்டது. கோடையில் நீர் வற்றும்போது மட்டும் அவை தலைகாட்டும்.

சுழலும் நீர் எவ்வளவு காற்றை இழுக்கும் என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டுவிட முடியாது. மாதிரியைத்தான் கேட்க வேண்டும். ஆனால் மாதிரி எல்லாக் கேள்விக்கும் மெய் சொல்லாது. நீளத்தைச் சுருக்கலாம், காற்று மண்டலத்தின் அழுத்தத்தைச் சுருக்க முடியாது. கடல்மட்டத்தில் அது 10.3 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். மைசூரின் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் 9.4 மீட்டர்தான். மாதிரியின் குழாய்க்குள் அழுத்தம் 32 சென்டிமீட்டர் குறைந்தால் ஒன்றும் நேராது, நீர் அமைதியாக ஓடும். அதுவே முழு உருவில் 8 மீட்டர் குறைவு. நீர் ஆவிக்குமிழிகளாகச் சிதறி, அவை வெடித்துக் காங்கிரீட்டை அரிக்கும் எல்லைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நீரின் பரப்பு இழுவிசையும் சுருங்குவதில்லை. அதனால் சிறு மாதிரி காற்றையும் குறைவாகவே இழுக்கும். ஆக, எந்த அளவு சுருங்கும், எது சுருங்காது என்று பிரித்தறிவதே நீர் மாதிரிக் கல்வியின் உயிர்நாடி.

தமிழில் ‘மாதிரி’ என்ற சொல் துணிக்கடைத் துண்டையும் குறிக்கும், பின்பற்றத்தக்க பள்ளியையும் குறிக்கும், ‘அவர் மாதிரி’ என்று ஒப்புமையையும் குறிக்கும். பொறியாளருக்கு வேண்டியது மூன்றாம் பொருள். ஒன்றைப் போல இருப்பது அந்த ஒன்று அன்று என்னும் எச்சரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்த கட்டம் நீரிலிருந்து மின்சாரத்துக்கு. மைசூர் அரச குடும்பம் அளித்த நிலத்தில் எழுந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு, 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வின்சென்ட் ரைடவுட் வருகைப் பேராசிரியராக வந்து ஒப்புமைக் கணினியைப் பாடமாகக் கற்பித்தார். ஃபில்பிரிக் நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர்களைக் கொண்டு அங்கு உருவான இயந்திரத்துக்குப் பிரேடா என்று பெயர். அதற்குரிய சில உறுப்புகளைக் கட்டியவர்களுள் ஈரோட்டில் 1933-இல் பிறந்த வி. ராஜாராமன் என்னும் மாணவரும் ஒருவர். பிற்காலத்தில் கான்பூர் ஐஐடியில் கணினி அறிவியல் கல்விக்கு அடித்தளமிட்டவர் இவரே. ஒப்புமைக் கணிப்பு பற்றியும் பாடநூல் எழுதினார்.

அவ்வியந்திரத்தில் சமன்பாட்டை எழுதுவது என்றால் கம்பியால் இணைப்பது. சுருள்வில்லில் ஆடும் எடையை ஆராய இரண்டு தொகையிடும் உறுப்புகளும் குறியை மாற்றும் ஓர் உறுப்பும் போதும். சிக்கல் வேறிடத்தில். எடை எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறதோ அது வோல்ட்டாக மாற வேண்டும். வோல்ட்டுக்கு எல்லை உண்டு. வெற்றிடக் குழாய்க் காலத்து இயந்திரங்கள் பலவற்றில் அது 100 வோல்ட். எடை 5 சென்டிமீட்டருக்கு மேல் நகராது என்று மதிப்பிட்டால் 1 சென்டிமீட்டருக்கு 20 வோல்ட் எனக் கொள்ளலாம். மதிப்பீடு பிழைத்து எடை 7 சென்டிமீட்டர் நகர்ந்தால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். விடையைக் காணுமுன் விடையின் பருமனைச் சொல்லத் தெரியாதவர் அந்த மேசையில் உட்கார இயலாது.

1963-இல் கான்பூருக்கு ஐபிஎம் 1620 வந்தது. எண்ணிமக் கணினி பரவப் பரவக் கம்பிப் பலகை அருங்காட்சியகப் பொருளாயிற்று. 1990களின் தொடக்கத்தில் சிமுலிங்க், கம்பிப் பலகையின் தோற்றத்தை மட்டும் திரையில் மீட்டெடுத்தது. மைசூரில் 1946-இல் தொடங்கிய தேசியப் பொறியியல் கழகமும் 1963-இல் தொடங்கிய ஜெயச்சாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியும் கண்ட மாற்றம் நாடெங்கும் கண்ட மாற்றமே. 1998-இல் அமைந்த விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பாடத்திட்டத்தில் மின்னமைப்புகளைக் கணினியில் ஒத்திகை பார்ப்பதற்கென்றே ஓர் ஆய்வகப் பாடம் இடம்பெற்றது.

இதில் கிடைத்தது பெரிது. ஒருநாள் வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது. இழந்ததைப் பற்றித்தான் பேச்சில்லை. திரையில் எண்கள் இயல்பாக 64 பிட் மிதவைப் புள்ளி வடிவில் ஓடுகின்றன. 5 சென்டிமீட்டரும் 5 கோடி சென்டிமீட்டரும் அதற்கு ஒன்றுதான். அலையின் தலை வெட்டுப்படுவதில்லை. ஆயத்தக் கோப்பைத் திறந்து, ஓட்டி, வரைபடத்தை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையொப்பம் பெறுவதோடு பல ஆய்வகங்களில் வேலை முடிந்துவிடுகிறது.

வெளியுலகில் எல்லை மறையவில்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்ட 40 வினாடிகளுக்குள் சிதறியது. ஏரியன் 4-க்கு எழுதிய நிரல், கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. அப்பெட்டிக்குள் 32,767-க்கு மேல் அடங்காது. புதிய ராக்கெட்டோ பழையதைவிட விரைவாகக் கிடைவேகம் பெற்றது. பிரேடாவின் முன் அமர்ந்த மாணவர் ஒவ்வொரு கம்பிக்கும் கேட்ட கேள்விதான் அங்கே கேட்கப்படாமல் போயிற்று. கார்களின் சிறிய கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் முழு எண் கணக்கு இன்னும் புழங்குகிறது. அங்கே மாதிரியிலிருந்து நேரே நிரல் பிறக்கையில், மாதிரியின் பிழை வண்டியின் பிழையாகிவிடும்.

உரிமக் கட்டணம் தடை என்று சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மை. கட்டணமற்ற சைலேப் மென்பொருளிலும் கட்டங்களை இணைத்து வரையும் எக்ஸ்காஸ் என்னும் பகுதி இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஃபாஸீ திட்டம் அதைக் கல்லூரிகளில் பரப்பிவருகிறது. ஆனால் மென்பொருளைத் திறக்குமுன் ஒவ்வொரு கோட்டின் மீதும் அதன் அலகையும், அது எட்டக்கூடிய உச்ச மதிப்பையும் பென்சிலால் எழுதச் சொல்வதற்கு எந்த உரிமமும் வேண்டாம். அந்த மதிப்பு பிழைத்தால் மதிப்பெண்ணைக் குறைக்காமல் ஏன் பிழைத்தது என்று எழுத வைக்கும் ஆசிரியருக்குப் பாடவேளையில் இன்னும் பத்து நிமிடம் தேவைப்படும்; இன்றைய பரிசோதனைப் பட்டியலில் அந்தப் பத்து நிமிடத்துக்கு இடமில்லை.