உடுத்த துணியும் உழைத்த கையும்

ஹப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவில், கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் பெருந்தெரு வளைந்து வளைந்து செல்லுமிடத்தில் அமைந்துள்ளது ஹல்துமுல்லை. அப்பகுதிப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பது எமது தொழில். சித்திர ஆசிரியர் இல்லாமையால் சில மாதம் அந்தப் பாடத்தையும் நாமே ஏற்க நேர்ந்தது. தூரிகை பிடிக்கத் தெரியாத நாம் பத்தாந் தரப் பிள்ளைகளுக்கு ஒரு தலைப்பை மட்டும் கொடுத்தோம்: 'நாம் உடுத்தும் ஆடையும் அதன் அறமும்.'

வந்த படங்களிற் பல, தேயிலைப் பெட்டிகளில் அச்சாகும் பெண்ணைப் பார்த்து வரைந்தவை. பளபளக்கும் சேலை, நெற்றியிலே பொட்டு, வாய் நிறைந்த சிரிப்பு. "உன் அம்மா இப்படித்தான் மலைக்குப் போகிறாரா?" என்று ஒரு மாணவனைக் கேட்டோம். "இல்ல சேர். பழைய ஜேர்சி போட்டு, இடுப்புல படங்கு கட்டிக்கிட்டுத்தான் போவாங்க" என்றான். "பிறகேன் இப்படி வரைந்தாய்?" "படம்னா இப்படித்தானே சேர் இருக்கணும்!"

வேறு சில படங்களில், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து ஒரு பெண் கண்ணீர் வடித்தாள். ஒரேயொரு படத்தில் மட்டும் கண்ணீரும் இல்லை, முகமும் இல்லை. ஒரு சட்டை துண்டு துண்டாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. கழுத்துப்பட்டி ஓரிடம், கைகள் ஓரிடம், பொக்கற் ஓரிடம். ஒவ்வொரு துண்டின் மீதும் ஒரு கை. வரைந்த மாணவி விளக்கம் சொன்னாள்: "அக்கா கட்டுநாயக்காவுல வேலை செய்யுது சேர். நாலு வருசமா பொக்கற் மட்டுந்தான் தைக்குது. முழுச் சட்டை தைக்க அதுக்குத் தெரியாது."

பாடசாலைக் கண்காட்சியன்று வந்த பெரியவர் ஒருவர் கண்ணீர்ப் படங்களை மனமுருகிப் பாராட்டினார். சட்டைப் படத்தின் முன் நின்றதும் முகஞ் சுளித்தார். "இது பிள்ளைகளைப் பயமுறுத்தும். நாளை இவர்கள் வேலைக்குப் போக வேண்டாமா?" என்றார். நாம் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தோம்.

அன்று தொட்டு ஒரு கேள்வி எம்மை விடவில்லை. கண்ணீரைக் கண்டு உருகியவர் கணக்கைக் கண்டு ஏன் அஞ்சினார்? விடை தேடி வரலாற்றைப் புரட்டினோம். கண்டவற்றைத் தோழமையுள்ள ஆசிரியர்களுடனும் மாணவர்களுடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் படித்தவர்க்கு முதலில் நினைவுக்கு வருவன சங்கப் பாடல்கள். கரிகாலன் பொருநனுக்கு அளித்த ஆடை பாம்புரியை ஒத்ததென்றும், இழை ஓடிய வழியைக் கண்ணாற் காண முடியாதென்றும் பொருநராற்றுப்படை வியக்கிறது. கொடுத்த அரசன் பாட்டில் இருக்கிறான்; வாங்கிய பொருநனும் இருக்கிறான்; நெய்தவர் இல்லை. புறநானூற்றில் மட்டும் ஒரு கணம் நூற்பவள் தென்படுகிறாள். இரவிலே சிறு விளக்கேற்றிப் பஞ்சின் குப்பையை நீக்க எழுகிறாள். காட்டுப்பூனைக்கு அஞ்சிய பெட்டைக்கோழி அவ்வொளியிற் சேவலைக் கண்டு அச்சந் தணிகிறது. அத்துடன் அவள் வந்த வேலை முடிந்துவிடுகிறது. அவள் ஏன் இரவிலே வேலை செய்தாள் என்று அந்தப் பாட்டுக் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் கலை பிறப்பதற்கு இயந்திர யுகம் வரவேண்டியிருந்தது. 1843இல் இலண்டனில் ஓர் ஏழை விதவை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டாள். காற்சட்டை ஒன்றைத் தைக்க அவளுக்குக் கிடைத்த கூலி 7 பென்ஸ். ஊசியும் நூலும் அவள் செலவு. வயிறு காய்ந்தபோது முதலாளியின் துணியையே அடகு வைத்தாள். அது குற்றமாயிற்று. இச்செய்தியால் உந்தப்பட்டு தோமஸ் ஹூட் எழுதிய 'சட்டையின் பாட்டு' அவ்வாண்டு டிசம்பரில் 'பஞ்ச்' இதழில் வெளிவந்து நாடெங்கும் பரவியது. மறு ஆண்டு ரிச்சர்ட் ரெட்கிரேவ் என்ற ஓவியர் அத்தகைய தையற்காரி ஒருத்தியைத் தீட்டினார். மாடத்து அறை, நள்ளிரவு, மேல்நோக்கிய கண்கள். செல்வர்கள் பார்த்தனர், உருகினர். ஆனால் இரக்கப்பட்டவர் கையிலிருந்து கூலி உயரவில்லை. அந்த ஓவியத்தில் அவள் தனியள். கடவுளைத் தவிர வேறு துணையற்றவள். அவளைக் கண்டு அழலாம், அஞ்ச வேண்டியதில்லை.

அதே காலத்து நெசவாளர் வேறொரு ஓவியத்துக்கு வித்திட்டனர். 1844 ஜூன் மாதம் சிலேசியா நாட்டுத் தறிக்காரர் கூலி கேட்டு எழுந்தனர். பிரஷ்யப் படை சுட்டு அடக்கியது. அதனை ஹவுப்ட்மன் 'நெசவாளர்' என்ற நாடகமாக்கினார். நாடகத்தைக் கண்ட கேத்தே கொல்விட்ஸ் என்ற பெண், 1893 முதல் 1897 வரை உழைத்து ஆறு அச்சோவியங்கள் செய்தார். வறுமை, சாவு, கூடிப் பேசுதல், ஊர்வலம், முதலாளியின் வாசலில் முற்றுகை, முடிவு என்பன அந்த ஆறு. இங்கே அழுகை முதற்படி மட்டுமே. மூன்றாம் படத்தில் தொழிலாளர் ஒரு மேசையைச் சுற்றிக் கூடிவிடுகின்றனர். 1898இல் பெர்லின் கண்காட்சிக் குழு அவருக்குப் பதக்கம் அளிக்கப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார்.

நம் பக்கத்து நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஐரோப்பியர் ஆடைக்கு நீலமேற்ற வங்காளத்து உழவர்கள் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்டனர். முன்பணம் அவர்களைக் கடனிற் பிணித்தது. 1859இல் அவர்கள் எழுந்தனர். 1860இல் தீனபந்து மித்ரா 'நீல் தர்ப்பண்' என்ற நாடகத்தை எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லோங் 1861இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபா தண்டமும் பெற்றார். உழவனின் துயரை இரக்கத்தோடு பேசியிருந்தால் அவருக்குச் சிறை கிடைத்திராது. முன்பணம் எவ்வளவு, விளைச்சலுக்கு விலை எவ்வளவு, சவுக்கு யார் கையில் என்று அந்நாடகம் கணக்குக் காட்டியது. அதுவே குற்றம்!

முன்பணம் என்றதும் ஊவாத் தோட்டங்களில் வாழும் எம்மவர்க்கு வேறோர் ஆடை நினைவுக்கு வரும். அதன் பெயர் கம்பளி. தமிழகத்திலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் அழைத்து வரப்பட்ட தொழிலாளிக்கு, மலைக் குளிருக்கென முரட்டுக் கம்பளி ஒன்று கொடுக்கப்படும். கொடை என்று எண்ண வேண்டாம். அதன் விலை அவன் பேரேட்டில் ஏறும். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் சேர்ந்த கடன் ஒரு 'துண்டு'க் கடதாசியில் எழுதப்பட்டது. அதைத் தீர்க்கும்வரை தோட்டத்தை விட்டு அகல முடியாது. 1921இற் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. போர்த்திய துணியே விலங்காயிருந்த வரலாறு எம்முடையது.

தோட்டத்தின் நிலையை வெளியுலகுக்குச் சொல்லத் துணிந்த கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் வெளியார் புக முடியாத அக்காலத்தில், புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்றார் என்பது மலையக வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1930களிலும் 1940களிலும் தொழிலாளர் கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். அவை சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. எழுத்தறியாத மக்களுக்கு அப்பாட்டு நீதி கேட்கும் மனுவாகவும் இருந்தது. கணக்குப் புத்தகமாகவும் இருந்தது. மலையகத்திற் கலை இவ்வாறுதான் தொடங்கியது. தேயிலைப் பெட்டியின் சிரிப்பு அதன் தொடக்கமன்று.

1977இன் பின் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இற் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. 1980களின் பிற்பாதியில் ஆடை ஏற்றுமதி தேயிலையின் வருவாயை முந்திற்று. 1992இல் கிராமப்புறங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்தது. முதலிற் சிங்களக் கிராமத்துப் பெண்கள், பின்னர் தோட்டத்துப் பெண்கள், 2009இற் போர் முடிந்தபின் வடக்கின் பெண்கள் என்று வரிசை நீண்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த இப்பெண்களுக்குச் சமூகம் கொடுத்த பட்டம் என்ன? தையல் இயந்திரத்தின் பெயரால் 'ஜூகிப் பெண்கள்' என்ற ஏளனம்.

ஆங்கிலேயர் 'லைன்' என்ற வரிசை வீடுகளை நம்மவர் லயம் என்றனர்; குதிரை கட்டும் கொட்டிலுக்குத் தமிழில் லாயம் என்று பெயர். தொழிற்சாலையில் இயந்திரங்கள் நிற்கும் வரிசைக்கும் இன்று 'லைன்' என்றே பெயர். பாட்டி லயத்திற் பிறந்தாள். பேத்தி லயத்திலிருந்து லைனுக்குப் போகிறாள். அங்கே கொழுந்தின் நிறை, இங்கே மணிக்கு இத்தனை துண்டு. அங்கே நிறை குறைந்தால் அரைப்பேர், இங்கே குறி எட்டாவிட்டால் வசவு.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. தோட்டத்திற் பெண்ணின் சம்பளத்தை ஆணே வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இலேதான் கிட்டியது. தொழிற்சாலையில் ஒரு பெண் தன் சம்பளத்தைத் தன் கையாலே வாங்குகிறாள். அது சிறிய மாற்றமன்று. ஆகவே 'போகாதே' என்று சொல்வது எமது வேலையன்று. 'கணக்கைத் தெரிந்துகொண்டு போ' என்பதே ஆசிரியன் சொல்ல வேண்டியது.

அந்தக் கணக்கைத் தாமே எழுதத் தொடங்கிய பெண்களும் உண்டு. அதே 1984இற் கட்டுநாயக்க வட்டாரத்தில் 'தபிந்து' என்ற சிங்கள இதழ் பிறந்தது. தபிந்து என்றால் வியர்வைத் துளி. போடிங் அறையின் நெரிசல், இரவு வேலை, வீதியின் ஏளனம் ஆகியவற்றை ஆடைத் தொழிலாளப் பெண்களே அதிற் கதையாகவும் கவிதையாகவும் எழுதினர். புறநானூற்றுப் பருத்திப் பெண் தன் விளக்கைத் தன் முகத்துக்கே திருப்பிய நிகழ்ச்சி என்று அதனைக் கூறலாம்.

மறுபுறம், 2006இல் ஆடை ஏற்றுமதியாளர் 'குற்றவுணர்வற்ற ஆடைகள்' என்ற முழக்கத்தை உலகச் சந்தையில் எழுப்பினர். குழந்தை உழைப்பு இல்லை, தொழிற்கூடங்கள் தூய்மையானவை என்ற பெருமையில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த முழக்கம் யாருடைய குற்றவுணர்வைப் பற்றியது? வாங்குபவருடையது. தைப்பவளின் ஓய்வூதியம் பற்றியதன்று. தனியார் துறை ஓய்வூதிய மசோதா தங்கள் சேமிப்பைப் பறிக்குமென அஞ்சிக் கட்டுநாயக்கத் தொழிலாளர் 2011 மே 30இல் திரண்டபோது பொலிசார் சுட்டனர். ரொஷேன் சானக என்ற இளந்தொழிலாளி உயிர் நீத்தார். அதன் பின்னரே மசோதா கைவிடப்பட்டது.

இரண்டாண்டு கழித்து, 2013 ஏப்ரல் 24இல், டாக்கா அருகே எட்டு மாடி ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். சுவரில் வெடிப்புக் கண்டது முதல் நாளே. ஆயினும் தொழிலாளர் உள்ளே அனுப்பப்பட்டனர். இடிபாட்டுள் ஒருவரையொருவர் தழுவியபடி இறந்துகிடந்த இருவரைத் தஸ்லிமா அக்தர் எடுத்த நிழற்படம் உலகை உலுக்கியது. ஆனால் அத்துடன் நில்லாமல், தொழிலாளர் இயக்கத்தினர் இடிபாட்டிற் கிடந்த துணி லேபிள்களைப் பொறுக்கினர். இன்ன கம்பெனிக்குத்தான் இங்கே தைக்கப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி. அடுத்த மாதமே, சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்பாடு ஒன்று தொழிற்சங்கங்களுக்கும் மேல்நாட்டுக் கம்பெனிகளுக்கும் இடையே உருவாயிற்று. நிழற்படம் கண்ணைத் திறந்தது; லேபிள் கையொப்பம் வாங்கியது. இரண்டும் வேண்டும்.

'என் ஆடையைத் தைத்தவர் யார்?' என்று மேல்நாட்டு மாணவர்கள் இப்போது ஆண்டுதோறும் பதாகை வரைகிறார்கள். நல்லதே. மோஸ்தர் மாறுந்தோறும் துணியை வீசியெறியும் நாடுகளில் அக்கேள்வி எழத்தான் வேண்டும். ஆனால் ஹல்துமுல்லைப் பிள்ளை அதே கேள்வியை வரைந்தால் அது வெறும் நகல். தைத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியும். அவள் அக்கா. எம் பிள்ளைகளின் சித்திரம் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை, சாட்சியமாக இருக்கலாம். தேயிலைப் பெட்டியைப் பார்த்து வரைவதும், கண்ணீரை மட்டும் வரைவதும், பிறர் கண்ணால் தம்மைத் தாமே பார்ப்பதாகும். ஜேர்சியை ஜேர்சியாகவும், படங்கைப் படங்காகவும், பொக்கற்றைப் பொக்கற்றாகவும் வரையக் கற்பிப்பதே சித்திரப் பாடத்தின் முதல் அறம்.

இப்போது எமக்கு விடை தெரிகிறது. இரக்கம் பார்ப்பவரை உயர்த்துகிறது. கணக்கு அவரைப் பதில் சொல்ல அழைக்கிறது. அதனாலேயே அப்பெரியவர் அஞ்சினார். பேரரசனுக்கு அஞ்சாத கலைஞரைப் பற்றிப் படித்த நாம், ஒரு விருந்தாளியின் முகச்சுளிப்புக்கு அஞ்சிப் படத்தைக் கழற்றினோம். அது எமது தவறு.

அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சேர்" என்றவள், படத்தைத் திரும்ப வாங்கிச் சென்றாள். அக்கா விடுமுறையில் வந்து போனபின் மீண்டும் கொண்டுவந்தாள். பொக்கற் துண்டின் கீழ்ப் புதிதாக இரண்டு எண்கள் இருந்தன. ஒரு மணிக்கு அக்கா தைக்கும் பொக்கற் எத்தனை, மாத முடிவிற் கையில் வரும் பணம் எவ்வளவு. அந்த எண்களை நாம் இங்கே எழுதவில்லை. அவை அவள் அக்காவுக்குரியவை. படம் எமது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அடுத்த கண்காட்சியிலும் இருக்கும்.