மசக்கை வராத ஒன்பது வாரம்

ஒன்பதாவது வாரம். வாந்தி இல்லை, தலைசுற்றல் இல்லை. “மசக்கையே காணோமேடி?” என்று அத்தை கேட்டதிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. தூக்கம் வராமல், இங்கிலாந்து ராணி முதலாம் மேரியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன் (படித்திருக்கக் கூடாதுதான்).

அவருக்கு எல்லா அறிகுறியும் இருந்தது. மாதவிலக்கு நின்றது, வயிறு பெருத்தது, குழந்தை அசைவதாகவும் நம்பினார். 1555 ஏப்ரலில் பிரசவத்துக்காக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போனார். அந்த மாதக் கடைசியில், ஆண் குழந்தை பிறந்துவிட்டதாக வதந்தி கிளம்பி லண்டன் தேவாலயங்களில் மணிகூட அடித்தார்கள். மே போனது, ஜூன், ஜூலையும் போனது. ஆகஸ்ட்டில் வெறுங்கையோடு அங்கிருந்து கிளம்பினார். வயிற்றில் குழந்தையே இருந்திருக்கவில்லை.

அன்றைக்கு உடம்பு சொல்வதுதான் சாட்சி. உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. 1958இல்தான் கிளாஸ்கோவின் இயான் டொனால்ட் குழுவினர், கருவிலிருக்கும் சிசுவை ஒலி அலைகளால் எடுத்த படங்களை வெளியிட்டார்கள். உலோகத்தில் விரிசல் தேடும் கருவியிலிருந்து பிறந்த யோசனை அது!

மறுநாள் ஸ்கேன். “சில பேருக்கு மசக்கையே இருக்காதும்மா, குழந்தை நல்லா இருக்கு” என்றார் டாக்டர். திரையில் ஒரு புள்ளி படபடவென்று துடித்தது.

வீட்டில் அத்தை மாங்காயோடு காத்திருந்தார். “இப்பவாச்சும் புளிப்பு கேக்குதா?”

இல்லை. தயிர்சாதம் போதும் என்றேன்.