பிள்ளையின் தலைக்கும் ஒரு ஹெல்மெட்

உக்கடம் சாலையில் தந்தை ஹெல்மெட் அணிந்திருக்க, பைக்கின் முன்னால் பிள்ளை வெறுந்தலையோடு செல்வதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

4 வயதைத் தாண்டியவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரி 15 முதல் கட்டாயம்; குறிப்பிட்ட தரமுள்ள சைக்கிள் ஹெல்மெட்டையும் விதி ஏற்கிறது. பெரியவர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவோம்.

"வளர்ந்தாலும் போடுவான்" என்று பெரிதாக வாங்க வேண்டாம். வாரை மாட்டித் தலையை ஆட்டினால் ஹெல்மெட் நகரக் கூடாது. முக்காட்டின் ஊசி அதனடியில் இருக்கக் கூடாது.

உள்ளிருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. விபத்தில் ஒருமுறை அடிபட்டால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். அண்ணனுடையதைத் தம்பிக்குக் கொடுக்குமுன், அது எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டுக்கொள்வோம்.