பணியிட விபத்தில் காயமடைந்தோர்க்கான சட்ட வழிகள்: நெய்வேலித் தொழிலாளர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் ஏற்படும் காயத்திற்கு இழப்பீடு பெறுவது தொழிலாளியின் சட்ட உரிமையாகும். விபத்து யாருடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்பதை அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளி என்ற வேறுபாடும் இந்த உரிமையைப் பறிப்பதில்லை.

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று 6ஆவது அலகின் கொதிகலன் பகுதியிலும், அதே ஆண்டு ஜூலை 1 அன்று 5ஆவது அலகின் கொதிகலன் பகுதியிலும் விபத்துகள் நேர்ந்தன. ஜூலை விபத்தில் 6 பேர் அங்கேயே உயிரிழந்தனர். தீக்காயங்களுடன் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டோரில் மேலும் சிலர் பின்னர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இறந்தோர் குடும்பங்களுக்கு நிறுவனம் தலா 30 லட்சம் ரூபாயும், மாநில அரசு தலா 3 லட்சம் ரூபாயும் அறிவித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இடைக்காலமாக 5 கோடி ரூபாயைச் செலுத்துமாறு நிறுவனத்திற்கு உத்தரவிட்டது.

பெரிய விபத்துக்கு இத்தகைய அறிவிப்புகள் வரும். கன்வேயர் பெல்ட்டில் ஒருவரின் விரல் சிக்கினாலோ, சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து முதுகெலும்பு முறிந்தாலோ எந்த அறிவிப்பும் வராது. மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோர் இத்தகையோரே. அவர்களுக்குச் சட்டம் ஒன்றே வழி. அந்த வழி, விபத்து நாளன்று மருத்துவரிடம் அவர்கள் சொல்லும் விவரத்தில் தொடங்குகிறது.

மருத்துவமனையில் முதல் நாள்

காயமடைந்தவரை அழைத்து வந்தவுடன், எங்கே, எப்போது, எவ்வாறு காயம் ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். "பைக்கில் இருந்து விழுந்ததாகச் சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று உடன் வருவோர் கூறுவதுண்டு. அதற்கு ஒருபோதும் இணங்க வேண்டாம். பின்னாளில் இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தப் பதிவைத்தான். அதை மாற்றுவது ஏறத்தாழ இயலாது.

பொய்யான விவரம் சிகிச்சையையும் கெடுக்கும். மூடிய இடத்தில் நீராவியோ புகையோ தாக்கியிருந்தால் மூச்சுக்குழாய் வீங்கக்கூடும். வெளியில் சிறு காயமே தெரிந்தாலும் மருத்துவர் அதை எதிர்பார்த்துக் கண்காணிக்க வேண்டும். மின்சாரம் தாக்கியவருக்கு இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவரின் கழுத்தையும் முதுகையும் அசையாமல் வைத்த பிறகே மற்றவை.

எனவே விபத்து நேர்ந்த அலகு அல்லது சுரங்கப் பகுதி, நேரம், ஒப்பந்ததாரரின் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பதிவு செய்யச் செய்யுங்கள். நோயாளி மயக்கத்தில் இருந்தால், உடன் வந்த சக தொழிலாளி சொல்லலாம். விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், மருந்து ரசீதுகள் அனைத்தையும் பாதுகாத்து வையுங்கள். நெய்வேலியில் முதலுதவியும் சென்னையிலோ புதுச்சேரியிலோ தொடர் சிகிச்சையும் பெற்றிருந்தால் இரண்டு இடத்து ஆவணங்களும் தேவை. கேட் பாஸ், வருகைப் பதிவு, வங்கியில் ஊதியம் வந்த விவரம், பி.எஃப். எண் ஆகியவை நீங்கள் அங்கே பணிபுரிந்ததற்குச் சான்று.

எந்தச் சட்டம்

நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. அந்த நாளுக்கு முன் நேர்ந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே அடிப்படை. கணக்கிடும் முறை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வீட்டிலிருந்து பணியிடத்துக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, பணியோடு தொடர்புடையதாக இருந்தால், இழப்பீட்டுக்கு உரியது என்பதைப் புதிய சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

இறப்பு நேர்ந்தால் மாத ஊதியத்தின் 50 விழுக்காட்டையும், நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டால் 60 விழுக்காட்டையும், வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்தக் காரணி 207.98. ஊதியம் எவ்வளவு இருந்தாலும், 2020 ஜனவரி 3 முதல் மாதம் 15,000 ரூபாய் வரையே கணக்கில் எடுக்கப்பட்டது. ஆகவே 2020 ஜூலையில் நேர்ந்த ஒரு விபத்தில் 20,000 ரூபாய் ஊதியம் பெற்ற 30 வயதுத் தொழிலாளி இறந்திருந்தால் 15,59,850 ரூபாய். நிரந்தர முழு ஊனம் அடைந்திருந்தால் 18,71,820 ரூபாய். பகுதி ஊனத்துக்கு இந்தத் தொகையில் உரிய விழுக்காடு கிடைக்கும். கட்டைவிரல் இழப்புக்குச் சட்ட அட்டவணை 30 விழுக்காடு என்று வரையறுக்கிறது. அதே தொழிலாளிக்கு அது 5,61,546 ரூபாய் ஆகும்.

தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்கு 15 நாளுக்கு ஒருமுறை மாத ஊதியத்தின் 25 விழுக்காடு வழங்கப்பட வேண்டும். சிகிச்சைக்கு உண்மையாகச் செலவான தொகை இதற்கு மேற்பட்டது.

ஊன விழுக்காடு பற்றிய குழப்பம்

நோயாளிகளும் குடும்பத்தினரும் மிகுதியாகத் தடுமாறுவது இங்கேதான். மருத்துவத் தாள்களில் மூன்று வெவ்வேறு விழுக்காடுகள் இருக்கலாம். உடலில் எவ்வளவு பரப்பு வெந்தது என்பதைக் காட்டும் தீக்காய விழுக்காடு முதலாவது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள உடல் ஊன விழுக்காடு இரண்டாவது. வருவாய் ஈட்டும் திறனில் ஏற்பட்ட இழப்பு மூன்றாவது. இழப்பீட்டைத் தீர்மானிப்பது மூன்றாவதே.

இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டியதில்லை. 15 விழுக்காடு தீக்காயம் இரு கைகளிலும் இருந்து, தோல் சுருங்கி விரல்கள் மடங்காமல் போனால், வெல்டர் ஒருவர் தம் தொழிலையே இழப்பார். மிகக் கடுமையான முகச் சிதைவைச் சட்ட அட்டவணை 100 விழுக்காடு இழப்பாகவே கருதுகிறது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவர் தச்சு வேலைக்கு முற்றிலும் தகுதியிழந்தவர் என்று உச்ச நீதிமன்றம் ஏற்று, முழு ஊனத்துக்கான இழப்பீட்டை உறுதி செய்தது.

ஆகவே மதிப்பீட்டுக்கு வரும்போது நீங்கள் செய்த வேலை இன்னது என்று விளக்கிச் சொல்லுங்கள். 'கூலி' என்று மட்டும் சொன்னால், ஏணியில் ஏறியதும் 30 கிலோ தூக்கியதும் மருத்துவருக்குத் தெரியாது. மேலும், காயம் ஆறிய பிறகே இறுதி மதிப்பீடு பொருளுடையதாகும். தீக்காயத் தழும்பு முதிரப் பல மாதங்கள் ஆகும். அவசரத்தில் பெறும் சான்றிதழ் குறைவாகவே காட்டக்கூடும்.

ஒப்பந்ததாரர் மறுத்தால்

ஒப்பந்ததாரர் பணம் தர மறுத்தாலோ தலைமறைவானாலோ, அந்த வேலையைத் தம் தொழிலின் பகுதியாகத் தம் வளாகத்தில் செய்வித்த முதன்மை வேலையளிப்பவரிடமே இழப்பீடு கோரலாம். அவர் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் பின்னர் வசூலித்துக்கொள்வார். அது அவர்களுக்கிடையிலான கணக்கு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ வாங்கும் கையெழுத்து, சட்டம் தரும் இழப்பீட்டு உரிமையை ரத்து செய்யாது. இருந்தாலும் அத்தகைய தாளில் கையெழுத்திடாமல் இருப்பதே நல்லது.

தலைக்கவசம் அணியவில்லை என்று சொல்லி மறுப்பதும் வழக்கம். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் ஆகிய காரணங்களைச் சட்டம் ஏற்றாலும், இறப்பு அல்லது நிரந்தர முழு ஊனம் நேர்ந்த இடத்தில் அவை இழப்பீட்டைத் தடுக்கா.

மனு செய்யும் இடமும் காலமும்

பணியாளர் இழப்பீட்டு ஆணையராகத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர் செயல்படுகிறார். விபத்து நடந்த இடத்திற்குரிய ஆணையரிடமோ, நீங்கள் வசிக்கும் இடத்திற்குரிய ஆணையரிடமோ மனு செய்யலாம். வெளிமாவட்டத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து வேலை செய்து காயமடைந்தவர் ஊர் திரும்பிய பின் அங்கிருந்தே கோரலாம். விபத்து அல்லது இறப்பு நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் காலதாமதத்தை ஆணையர் ஏற்கலாம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒரு மாதத்திற்குள் இழப்பீடு தரப்படாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தகுந்த காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை கூடுதல் தொகையும் விதிக்கப்படலாம்.

இறப்பு நேர்ந்தால் இழப்பீட்டுத் தொகை ஆணையரிடமே செலுத்தப்பட வேண்டும். அவர் அதைச் சார்ந்திருப்போருக்குப் பிரித்து வழங்குவார். பிணக்கூறாய்வு வேண்டாம் என்று துயரத்தில் குடும்பத்தினர் கேட்பது புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் இறப்புக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவும் முதன்மைச் சான்று அதுவே, குறிப்பாகச் சில வாரச் சிகிச்சைக்குப் பின் இறப்பவர் விஷயத்தில்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆணையரிடம் மனு செய்தவர் அதே காயத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வேலையளிப்பவர் மீது வழக்குத் தொடர இயலாது. விபத்தில் லாரியோ டிப்பரோ தொடர்புடையதாயின் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், ஆணையர் ஆகிய இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, நீங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளரா என்று பாருங்கள். ஆம் எனில், ஆணையரிடம் அன்றி இ.எஸ்.ஐ. வழியாகவே பணப்பயன்கள் கிடைக்கும். தற்காலிக ஊனத்துக்கு ஊதியத்தின் 90 விழுக்காடு வழங்கப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் சுரங்கங்களைத் தொழிற்சாலை என்ற வரையறையில் சேர்க்கவில்லை. ஆகவே அனல்மின் நிலையத்தில் பணிபுரிபவரின் நிலையும் சுரங்கத்தில் பணிபுரிபவரின் நிலையும் வேறுபடலாம்.

வழக்கறிஞர் கட்டணத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. தொழிலகத் தொழிலாளர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலகப் பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். செல்லும்போது விபத்துப் பதிவேட்டின் நகலை எடுத்துச் செல்லுங்கள்.