வைக்கோலும் வெப்பக்காப்பும்: ரொறன்ரோவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, ரொறன்ரோ உள்ளிட்ட கனடிய நகரங்களில் வீடுகளுக்கு வெப்பக்காப்பு இடக் கூட்டாட்சி அரசு 1977இல் மானியம் வழங்கத் தொடங்கியது. அக்காலத்தில் பல வீடுகளின் சுவர்களுள் செலுத்தப்பட்ட யூரியா ஃபார்மால்டிஹைட் நுரை, நச்சுவாயு கசிந்தமையால் 1980 டிசம்பரில் தடைசெய்யப்பட்டது.

வேளாண் கழிவோ இப்பணியை முன்னரே ஆற்றியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வைக்கோற்கட்டுகளால் வீடுகள் எழுந்தன. 1920களில் லூசியானாவில் கரும்புச் சக்கையிலிருந்து செலோடெக்ஸ் பலகை உருவானது. வைக்கோலின் இடையே அடைபட்ட காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. ஈரம் புகாமற் காத்தல் இதற்கு இன்றியமையாதது. வைக்கோல் வேய்ந்த கூரையின்கீழ்த் தமிழுழவர் கோடையில் கண்ட தண்மைக்கும் அதுவே காரணம். பனிநாட்டில் அகவெம்மையையும் வெயில்நாட்டில் அகத்தண்மையையும் ஒருங்கே காக்கவல்ல இப்பொருளைக் கழிவென ஒதுக்கியமை, ரொறன்ரோ பெற்ற பட்டறிவின் ஒளியில் மீளாய்வுக்கு உரியது.